கரடியிடம் மட்டும்

வீட்டில் அஞ்சி அஞ்சி வளரும் பிள்ளைகளுக்கு உடம்பும் படுத்தும், படிப்பும் ஏறாது என்பது அவளுடைய ஆராய்ச்சி. பெரியவர்களிடம் வாய் திறக்காத பிள்ளைகளும் பொம்மையிடம் பேசுவார்கள். பள்ளிகளுக்குப் போகுமுன் ஓர் ஒத்திகையாக, கரடிப் பொம்மையைக் கையில் மாட்டி, குரலை மாற்றி, எதிரே இருந்த சிறுமியிடம் கேட்டாள்.

“உனக்கு எப்போ வயிறு வலிக்கும்?”

“வாசல்ல ஸ்கூட்டர் சத்தம் கேட்டா.”

“அப்பாவோடதா?”

“ம்ஹூம், அப்பா பாவம். அம்மாவோடது. கணக்கு தப்பானா அடிப்பாங்க. அதை நெனச்சாலே தெரிஞ்ச கணக்கும் மறந்துடும்.”

கரடி சிறுமியின் பக்கம் சாய்ந்தது. “இதை அம்மாகிட்ட சொன்னியா?”

சிறுமி சட்டென்று கரடியின் வாயைப் பொத்தி, அதன் காதில் கிசுகிசுத்தாள்.

“மெதுவாப் பேசு. உன்னைக் கையில மாட்டியிருக்கிறதே அவங்கதான்.”