மங்குஸ்தான் பரீட்சை

“கத்தி வேண்டாம் மாமா,” என்றான் பொன்னுராஜ்.

கத்தி கேட்ட வேதமணிக்கு முகம் சுருங்கியது. கத்தி இல்லாமல் பழத்தை எப்படி அறுப்பானாம்? பக்கத்தில் இருந்த ஐயாதுரையைத் திரும்பிப் பார்த்தார். ஐயாதுரை பழக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதமணி ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரி. மகள் தேவகிருபைக்கு மாப்பிள்ளை பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தார். பையன் பொன்னுராஜ் பினாங்குத் தோட்டத்தில் ஏழு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் என்று தரகர் சொன்னார். தேவகிருபையோ அவனைச் சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று பார்த்துவிட்டு, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். ஆனால் வேதமணிக்குப் பயம். போன வருஷம் தங்கை மகளுக்கு இப்படித்தான் ஒரு ‘ரங்கூன் மாப்பிள்ளை’ வாய்த்தான். ரங்கூன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது என்பது, தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அதனால்தான் இந்தப் பழம். யுத்தத்துக்கு முந்திய காலம், பினாங்குக் கப்பல் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதில் வந்த ஒருவர் வைக்கோல் பொதிந்து கொண்டுவந்த மங்குஸ்தான். அழுகியது போக ஐந்து தேறியது. பினாங்கில் இருந்தவனுக்கு அதைத் தின்னத் தெரியாமல் இருக்காது. சரிபார்த்துச் சொல்ல, ஊரே ‘பினாங்கு ஐயாதுரை’ என்று கூப்பிடும் மனிதரையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். அவர் தலையசைத்தால் கல்யாணம். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம்.

“அண்ணாச்சி, நீங்க மொதல்ல ஒண்ணு உரிங்க,” என்றார் வேதமணி.

“நான் எதுக்கு? தம்பி உரிக்கட்டும். கைப்பழக்கத்தைப் பாப்போம்,” என்று ஐயாதுரை கூடையை நகர்த்தினார்.

பொன்னுராஜ் ஒரு பழத்தைத் தலைகீழாகத் திருப்பினான். அடியில் சின்னப் பூப்போல ஒரு தடம், அதில் ஆறு இதழ். “உள்ள ஆறு சுளை இருக்கும்,” என்றான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினான். கறுத்துச் சிவந்த கெட்டித் தோல் பிளந்துகொண்டது. உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று சுளைகள். வேதமணி எண்ணிப் பார்த்தார். ஆறேதான்.

ஐயாதுரை அதோடு விடவில்லை. ஐந்து பழத்தையும் சுளைக் கணக்குச் சொல்லச் சொல்லி உரிக்க வைத்தார். கொட்டை இருக்குமா என்று கேட்டார். பெரிய சுளையில் மட்டும் இருக்கும் என்றான் பையன். தோலைத் தின்னலாமா? துவர்ப்பு தாங்காது, காயவைத்தால் வயிற்றுப்போக்குக்கு மருந்து என்றான். சாறு வேட்டியில் பட்டால்? வேட்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்றான். கோர்ட்டில் வக்கீல்கூட இப்படிக் குடைய மாட்டார். வேதமணிக்கே பையன்மேல் இரக்கம் வந்துவிட்டது.

கடைசியில் ஐயாதுரை ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். இனிப்பும் லேசான புளிப்புமாக அது நாக்கிலேயே கரைந்துபோயிற்று. ஆகா, இதல்லவா பழம் என்று முகமே சொல்லியது. பையனின் தாய் சுந்தரம்மாள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

“அஞ்சு பழம். அஞ்சுலயும் தம்பி சொன்ன கணக்குத் தப்பல,” என்றார் ஐயாதுரை. “அசல் பினாங்குக்காரன். யோசிக்காம பொண்ணைக் குடு வேதமணி.”

வேதமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க மாப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தையும் அண்ணாச்சியின் கேள்விகளையும் மாறி மாறிப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

ஐயாதுரை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பரிபூரணம் பதறிக்கொண்டு வந்தாள். “பினாங்குப் பழத்தை வச்சுப் பரீட்சையாமே. கேள்வி கேட்டே பையனைத் துளைச்சுட்டீகளாம், வேதமணி அண்ணன் தெருவெல்லாம் சொல்லிட்டுப் போறாக. அப்படி என்னத்தக் கேட்டீக?”

ஐயாதுரை கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியாததை எல்லாம் கேட்டேன்ட்டி. நாகப்பட்டணத்துல பன்னெண்டு வருசம் கப்பலுக்கு மூட்டை தூக்குனவன், கப்பல் ஏறிப் போனவன்ட்ட வேற என்னத்தக் கேப்பேன்?”