ஈயக் குடுவை

கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: பழைய இரும்புக் கடைக்காரர், அவர் மனைவி, காஸ் வைத்து இரும்பு வெட்டும் அவருடைய தம்பி, கதிர்வீச்சுச் சோதனைக்கு வந்த, முகமூடி போட்ட வெள்ளை அங்கிக்காரர்கள் இருவர். தம்பி சுவரோரம் சாக்கின் மேல் சுருண்டு படுத்திருந்தான். காலையிலிருந்து ஓயாத வாந்தி.

சின்ன அங்கிக்காரன் கழுத்தில் தொங்கிய கருவி, வாசலைத் தாண்டியதுமே அலறத் தொடங்கியது. பெரியவர் அதற்கு அசரவில்லை. ஒரே வேலையைச் செய்து செய்து அலுத்துப்போன குரலில் கேட்டார்.

"ஆஸ்பத்திரி சாமான் ஏதாவது வாங்குனீங்களா?"

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குறீங்க? வாங்கும்போது என்னைக் கேட்டா வாங்குனீங்க?"

மூலையில் ஒரு ஈயக் குடுவை கிடந்தது. பார்க்கக் குடம் அளவுதான். தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். யாரோ முகம் தெரியாதவன் கொண்டுவந்தது, திருட்டுச் சாமான் என்று தெரிந்தும் ஈயத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியது, தம்பிதான் மூடியை வெட்டித் திறந்தான், உள்ளே விரல் அளவுக்கு ஒரு பளபளப்பான குப்பியைத் தவிர ஒன்றுமில்லை, அதையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போட்டுவிட்டான் என்று கடைக்காரர் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

பெரியவர் அதிகம் மிரட்டவில்லை. ஒத்துழைத்தால் பெயர் வெளியே வராது என்றார். கடைக்குள் விஷம் பரவிவிட்டது, செம்பும் பித்தளையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவற்றையும் குடுவையையும் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும், இரும்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"விலை போற சாமானுக்குத்தான் விஷம் ஏறுமா சார்?" என்றாள் மனைவி.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் கடைக்காரர். செம்புக் கம்பி மூட்டைகளை அவரே வாசல்வரை இழுத்து வந்து கொடுத்தார். சின்னவன் குடுவையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கினான். கருவியின் அலறல் இன்னும் ஏறியது.

"தம்பிக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல சார்?"

பெரியவர் படுத்திருந்தவனை ஒரு பார்வை பார்த்தார். விரல்களெல்லாம் சிவந்து, தோல் கொப்பளித்திருந்தது.

"காஸ் சூடு பட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போனா கேள்வி கேப்பாங்க. தண்ணி நெறைய குடுங்க, சரியாயிடும்."

வேனின் பின்பக்கம் மூட்டைகளுக்கும் குடுவைக்கும் நடுவே சின்னவன் ஏறி உட்கார்ந்தான். பெரியவர் கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

இரண்டு தெரு தள்ளி முகமூடியைக் கழற்றினார். இது எத்தனையாவது கடை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அங்கி, பெயின்ட் கடையில் வாங்கியது. கருவி, மூடிப்போன ஒரு ஆஸ்பத்திரியின் குப்பையில் கிடைத்தது. அதன் பக்கவாட்டில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்கினால் அலறும். மற்ற நேரத்தில் செத்த பிணம். ஒவ்வொரு கடையிலும் அதை யாருக்கும் தெரியாமல் அமுக்குவது சின்னவனாக வரும் மச்சினனின் வேலை. இந்தச் செம்பை விற்றால் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கலாம்.

பின்னால் அலறல் நிற்கவில்லை.

"போதும், பொத்தான விடு மாப்ள. காது வலிக்குது."

தடுப்புக்கு அப்பாலிருந்து மச்சினனின் குரல் களைப்பாக வந்தது.

"நீங்கதான் ஏதோ மாத்தி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் மாமா. கடையிலயே நான் அதத் தொடல."