நீலக் கோடு

“உன் நீலக் கோட்டை என் விரல்கூடத் தொடாது தம்பி. வேற யாருக்காவது காட்டு.”

பக்க எண் அக்கா சொன்னது அறை முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

லிஃப்ட் கம்பெனியின் கையேட்டுப் பிரிவில் இருந்ததே இரண்டு பேர். வெளியே பழுது பார்க்கப் போகிற மெக்கானிக்குகளுக்கு இவர்கள்தான் கையேடு எழுதித் தர வேண்டும். ‘பிரேக் சோதனைக்குப் பக்கம் 84 பார்க்க’ என்று எழுதுவது அக்கா கட்சி. ‘பிரேக் சோதனை’ என்பதற்கே நீலத்தில் அடிக்கோடு போட்டு, தட்டினால் அந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவது தம்பி கட்சி. இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது ஜன்னல் மட்டும்தான். அதையும் ஒருவர் திறந்தால் மற்றவர் மூடுவார்.

“நடுவுல ஒரு பக்கம் சேர்த்தா உங்க நம்பர் அத்தனையும் பல்லை இளிக்குதே அக்கா. பிரேக்கைத் தேடிப் போனா கதவுக்கு எண்ணெய் போடச் சொல்லுது.”

“என்னோடது தப்பினா பக்கத்துப் பக்கத்தையாவது புரட்டிப் பார்ப்பான். உன்னோடது செத்தா செத்ததுதான். கயிறு மாத்தற அத்தியாயத்துல மூணாவது கோடு போன வாரமே போய்ச் சேர்ந்தாச்சு. இன்னும் எடுக்காம வெச்சிருக்கே.”

தம்பி அவசரமாக அதைத் தட்டிப் பார்த்தான். செத்துத்தான் கிடந்தது.

அக்கா தன் திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். காலையில் வந்து உட்கார்ந்ததும் மௌஸ் டக்டக் என்று ஆரம்பித்தால் டீ வரும்வரை ஓயாது. சீட்டாட்டம் என்றார்கள் கணக்குப் பிரிவில். வாடகைக்கு வீடு தேடுகிறார் என்றது வரவேற்பு மேசை.

மேலாளருக்குப் பஞ்சாயத்துப் பண்ணி அலுத்துவிட்டது. “ஒரு கையேட்டுக்கு ரெண்டு முறை, ரெண்டு சம்பளம், தினம் ஒரு சண்டை. இனிமே முடியாது. நீலக் கோட்டை யாராவது தட்டறாங்களான்னு கணக்கு எடுக்கச் சொல்லியிருக்கேன். தட்டியிருந்தா தம்பி இருக்கட்டும், இல்லேன்னா அக்கா இருக்கட்டும். தம்பி, ஜெயிச்சிட்டோம்னு காலை நீட்டிடாதே. மாசா மாசம் பார்ப்பேன். கணக்கு விழுந்தா நீயும் கிளம்ப வேண்டியதுதான்.”

அக்கா சிரித்தார். “மெக்கானிக்காவது தட்டறதாவது. ஒண்ணு புரியலேன்னா இன்னொரு மெக்கானிக்குக்குப் போன் போடுவான் சார்.”

மதியம் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் கணக்கோடு வந்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு கோடு மிச்சமில்லை. அலுவலகம் திறந்திருந்த நாளெல்லாம் தட்டியிருந்தார்கள். செத்துப்போனதைக்கூட விட்டுவைக்கவில்லை.

“மெக்கானிக்குங்க படிக்கிறாங்க அக்கா” என்றான் தம்பி. “உங்களுக்குத்தான் வயிறு எரியுது.”

அக்காவால் நம்ப முடியவில்லை. ஆனாலும் வாய் குறையவில்லை. ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில், மேசைக்கடியில் கிடந்த பழைய செருப்பு எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டே, “உன் மூஞ்சிக்கு இத்தனை பேரா?” என்றார்.

தம்பி நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தான். “லிஃப்ட்ல பார்த்துப் போங்க. மாட்டிக்கிட்டா பக்கம் எண்பத்திநாலு.”

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் மட்டும் இன்னும் போகாமல் நின்றார். “தம்பி, சார் மொத்தக் கணக்கைத்தான் கேட்டார், குடுத்துட்டேன். எங்கேர்ந்து தட்டினாங்கன்னு அவரும் கேக்கலை, நானும் சொல்லலை.”

“எந்த ஊர் மெக்கானிக் சார் அதிகம்?”

“வெளியிலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. எல்லாம் இந்த அறைக்குள்ளேர்ந்துதான்.”

தம்பியின் நாற்காலி உருளுவது நின்றது. “நான் தட்டலையே சார்.”

அவர், சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த திரையைப் பார்த்தார்.

“நீங்க இல்ல தம்பி. இப்ப லிஃப்ட்ல இறங்கிப் போனாங்களே, அவங்க.”