பாரிஸ் சம்மந்திக்கு விருந்து

"ஊத்துறதா இருந்தா நான்தான் ஊத்துவேன். இல்லேன்னா பாட்டிலே திறக்க மாட்டேன்" என்றாள் சுவாதி.

வெளியே கல்யாணப் பேச்சு நடக்கிற டேபிளுக்குச் சாப்பாடு போகவேண்டிய நேரம். இந்த நேரம் பார்த்தா ஒருத்தி முதலாளியிடம் முறுக்கிக்கொள்வாள்? சமையற்கட்டில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலாளி சேரன் கையைப் பிசைந்தான். கோட்டை பார்க்க வருகிறவர்கள் பரோட்டா தின்றுவிட்டு பஸ் ஏறுகிற ஊர் செஞ்சி. அந்த ஊரில் துணிந்து இப்படியொரு பெரிய ரெஸ்டாரண்ட் ஆரம்பித்தவன் அவன். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லி, ஊற்றித் தருவதற்கு, பாண்டிச்சேரியில் படித்து நாலு வருஷம் வேலை பார்த்த சுவாதியைக் கூட்டி வந்ததும் அவன்தான்.

இன்று விருந்து கொடுப்பவர் ரைஸ்மில் தாண்டவராயன். மகளுக்குப் பாரிஸ் மாப்பிள்ளை. பையனின் அப்பா வெற்றிவேல் பாண்டிச்சேரிக்காரர், பிரான்சில் குடியேறி முப்பது வருஷமாகிறது. நல்ல ஒயின் இல்லாமல் சம்மந்திக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரமாகச் சுவாதிக்கு இதே வேலை. விரால் மீனுக்கு பர்கண்டி என்கிற பிரெஞ்சு வெள்ளை ஒயின். வெள்ளாட்டுக் கறிக்கு 1996-ஆம் வருஷத்து போர்தோ சிவப்பு ஒயின். கசடு அடியில் தங்கட்டும் என்று அதை இரண்டு நாளாக நிமிர்த்தி வைத்து, யாரையும் தொடவிடவில்லை. பலாப்பழப் பாயசத்துக்குப் பொன் நிறத்தில் ஒரு பழைய இனிப்பு ஒயின்.

"நேத்து பெங்களூர்காரங்களுக்கு நான்தானே சார் ஊத்துனேன்? இவருக்கு மட்டும் இன்னா?"

"பொம்பளப் புள்ள ஊத்துனா நல்லா இருக்காதுன்னு நெனைக்கிறாரு."

"அப்படியா சொன்னாரு?"

தாண்டவராயன் சொன்னது வேறு. "அது நம்ம மில்லுல மூட்டை தூக்குன பச்சைமுத்து பொண்ணு தம்பி. காலனி. அது கையால எனக்கு வேணாம். சம்மந்திக்குத் தெரியாம பக்குவமா பாத்துக்க" என்று காதோடு சொல்லியிருந்தார்.

"எங்க நைனா பேரைச் சொன்னாரா?" என்று சுவாதியே கேட்டாள்.

சேரன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த மாதிரி நல்லவர்களுக்குக் குனிய மட்டும்தான் தெரிகிறது.

"கோவப்படாத சுவாதி. இன்னைக்கு ஒரு நாள் உள்ளேயே இரு, ஆனந்தராஜ் ஊத்தட்டும். அவரைப் பகைச்சுக்கிட்டு இந்த ஊர்ல கடை நடத்த முடியாது. உனக்கும் வேலை இருக்காது."

சுவாதிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சென்னையிலும் கோவாவிலும் கூப்பிட்டார்கள். இதே ஊரில் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றுதான் திரும்பி வந்திருந்தாள்.

போர்தோ பாட்டிலைப் பார்த்தாள். முப்பது வருஷத்துத் தக்கை. தெரியாதவன் கை பட்டால் பொடிந்து உள்ளே விழும்.

"சரி சார். தூக்கினு போறது யாரா வேணா இருக்கட்டும். திறக்குறது நான்தான். என் தொழில் முறைப்படிதான் திறப்பேன். அதுல யாரும் தலையிடக் கூடாது."

"உன் இஷ்டம்" என்றான் சேரன், விட்டால் போதும் என்று.

ஒவ்வொரு பாட்டிலாக வெளியே போனது. சர்வர் ஆனந்தராஜ் ஊற்றினான். பிராந்தியைத் தவிர வேறெதுவும் அறியாத தாண்டவராயன், சம்மந்தி கிளாஸைச் சுழற்றினால் தானும் சுழற்றினார், முகர்ந்தால் தானும் முகர்ந்தார். போர்தோ வந்ததும் அவருக்கே பிடித்துப்போய், "இன்னும் கொஞ்சம் ஊத்து தம்பி" என்று இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

பாயசம் முடிந்ததும் வெற்றிவேல் நாற்காலியில் சாய்ந்தார்.

"கறிக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு அந்த ஒயின். யாரு பொறுக்கி எடுத்தது? கூப்பிடுங்க."

"அவங்க உள்ள வேலையா இருக்காங்க சார்" என்றான் சேரன்.

"பாக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்."

சுவாதி வந்து நின்றாள். எதுவும் பேசிவிடாதே என்று சேரன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"நீதானாம்மா? எந்த ஊரு?"

"இதே செஞ்சிதான் சார். காலனி. எங்க நைனா இவரு மில்லுலதான் மூட்டை தூக்குனாரு."

தாண்டவராயன் நாப்கினால் வாயைத் துடைத்தார். "ஆமா ஆமா, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி" என்று சிரித்து வைத்தார்.

வெற்றிவேலுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "இவ்ளோ பழசுல ஒண்ணு ரெண்டு கெட்டுப்போயிருக்குமே. மூணும் அருமையா இருந்துச்சே, எப்படி?"

"நாலு திறந்தேன் சார். ஒண்ணு கெட்டிருந்துச்சு. கீழ ஊத்திட்டேன்."

"அது எப்படித் தெரிஞ்சுது?"

சுவாதி தாண்டவராயனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எங்க தொழில் முறையே அதான் சார். எந்தப் பாட்டிலா இருந்தாலும் முதல் மடக்கு நான் குடிச்சுப் பாக்கணும். நான் குடிச்ச மிச்சம்தான் உங்க டேபிளுக்கு வரும்."