திங்கட்கிழமைக் கைதி

குட்டைக்காரி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். லம்யாய் நாலு திங்கட்கிழமையாகக் காத்திருந்தது இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான்.

தாய்லாந்தில், யசோத்தோன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அவளுடைய சலவைக் கடை. திங்கள் காலை ஒன்பதரைக்கெல்லாம் அழுக்கு மூட்டையோடு அந்த இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். ஒருத்தி வெள்ளைக்காரி, நெட்டை, இருபது வயசு இருக்கும். இன்னொருத்தி நம்ம ஊர்க்காரி, குட்டை. பக்கத்துக் கடையில் நாலு முட்டை வாங்கக்கூட வெள்ளைக்காரியை அவள் தனியாக விட்டதில்லை.

போன் குட்டைக்காரியின் பையில். மெஷின் சுற்றி நிற்பதற்குள் வெள்ளைக்காரி வீட்டுக்குப் பேசி முடிக்க வேண்டும். திரையில் அவள் அம்மாவும், அம்மாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பசுமாடும் தெரிவார்கள். பேசும்போது சிரிப்பாள், வைத்த பிறகு மூக்கைச் சிந்துவாள்.

போன வாரம் லம்யாய் அவளுக்கு ஒட்டுச்சோறும் சுட்ட கோழியும் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி, தலை குனிந்து, ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். ஒரு வாய்ச் சோறு தின்ன ஒரு பெண் இப்படியா பயப்படுவாள்?

லம்யாய்க்கு இதெல்லாம் புதுசில்லை. தங்கச்சி சோம்ஜித்தை ஓட்டல் வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் கடல் தாண்டிக் கூட்டிப்போனான். அங்கேயும் இப்படித்தான், வெளியே விட்டால் இரண்டிரண்டு பேராக, வீட்டுக்கு வாரம் ஒரு போன். அவள் தப்பி வந்துசேர இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் லம்யாயால் அழ மட்டும்தான் முடிந்தது.

இந்தத் தடவை அழுவதாக இல்லை. பாங்காக் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பின்கதவில் சோம்ஜித்தே பைக்கை முறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

லம்யாய் திரும்பிப் பார்த்தாள். தெருக்கதவு அகலமாகத் திறந்து கிடக்கிறது. வெள்ளைக்காரியோ கழிப்பறை வாசலில் போய் நின்று, உள்ளே போனவளுக்காகக் காத்திருக்கிறாள். எந்த அளவுக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

"தங்கச்சி, இங்க வா. சீக்கிரம். உன்னைத் தனியா வெளியே விடவே மாட்டாங்களா?"

"மாட்டார்கள், அக்கா. அனுமதி கிடையாது." அவள் பேச்சு எப்போதும் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரிதான் இருக்கும்.

"ராத்திரியில?"

"ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்."

"டீயாவது குடிக்க விடுறாங்களா?"

"தேநீர் அருந்தக் கூடாது. காப்பியும் கூடாது."

"காதலிக்கிற பையன், கீதலிக்கிற பையன்?"

"பதினெட்டு மாதங்களுக்கு அதுவும் ஆகாது. இப்போதுதான் நான்கு முடிந்திருக்கிறது." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"சம்பளம் என்ன தர்றாங்க?"

"சம்பளமா? ஒன்றுமில்லை, அக்கா."

லம்யாய் டிக்கெட்டை அவள் கையில் திணித்தாள். "பின்னாடி என் தங்கச்சி நிக்கிறா. பத்தரை மணி பஸ். பாங்காக்ல இறங்கி நேரா உங்க தூதரகத்துக்குப் போ. துணி கிடந்துட்டுப் போகுது."

"ஆனால் என் தோழியை விட்டுவிட்டு நான் எங்கும்..."

"தோழியாம்ல."

கழிப்பறைக் கதவு திறந்தது. லம்யாய் தரை துடைக்கிற மாப்பை எடுத்துக் கட்டையைத் திருப்பிப் பிடித்தாள். "நகர்ந்தே, மண்டை பொளந்துரும். சொல்லுடி, இந்த மாதிரி எத்தனை பொண்ணுங்கள வெச்சிருக்கீங்க?"

குட்டைக்காரி ஈரக்கையோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். "இந்த ஊர்ல மொத்தமே ரெண்டு பேர்தான் அக்கா. என்னையும் சேத்து. என்னையும்தான் தனியா விட மாட்டாங்க. நான் டீ குடிச்சு வருஷம் ஒண்ணாச்சு."

வெள்ளைக்காரி குறுக்கே பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து அவளை மறைத்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து குட்டைக்காரியின் கை மட்டும் நீண்டது. கையில் சட்டையில் குத்திக்கொள்கிற கறுப்புப் பெயர்ப்பட்டைகள் இரண்டு. பெயருக்குக் கீழே ஏசு கிறிஸ்து என்று பெரிதாக எழுதியிருந்தது.

"மார்மன் சபை மிஷனரிங்க அக்கா நாங்க. ஊர் ஊரா அனுப்புவாங்க, சாமியப் பத்திச் சொல்லணும். திங்கக்கிழமை துவைக்கிற நாள், அதான் இதைக் குத்திக்கல. சுவத்துப் போட்டோல உங்க தம்பி புத்த பிக்குவா மொட்டை போட்டு, காவி கட்டி நிக்கிறாரே, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க."

லம்யாய் மாப்பை இறக்கவில்லை.

"என் தம்பி இருந்தது மூணு மாசம். அதுவும் நாலு தெரு தள்ளி இருக்கிற மடத்துல, ஊரே சோறு போட்டுச்சு. சம்பளம் இல்ல, டீ இல்ல, அம்மா மூஞ்சி வாரத்துக்கு ஒரு தடவை. இப்படி இந்தப் பொண்ணைக் கடல் தாண்டித் தள்ளிவிட்ட ஆளு பேரை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வெள்ளைக்காரி, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி, மெல்லக் கையை உயர்த்தினாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து புத்தக வாடை இல்லாத நம்ம ஊர்ப் பேச்சு வந்தது.

"நான்தான் அக்கா. பால் கறந்து சேத்த காசைக் கட்டி வந்தேன்."