வாலட்டுக்குத் தெரிந்த நிறம்

அப்பா இறந்த மாதம்தான் எழிலன் இணையக் கடைகளில் பணம் கட்ட ஒரு கிரிப்டோ வாலட்டை அம்மாவின் போனில் போட்டுக்கொடுத்தான். அவளுடைய விருப்பங்களையும் அவனே நிரப்பினான்: வெளிர்நிறச் சேலை, ஜரிகை வேண்டாம், பூப்போட்டது வேண்டவே வேண்டாம். பெயர், வயது, முகவரி எதையும் வாலட் கடைகளிடம் மூச்சுவிடாது. விருப்பத்தை மட்டும் சொல்லும். அன்றிலிருந்து உலகத்து ஜவுளிக்கடைகள் எல்லாம் போனில் வரிசைகட்டி வந்து, அம்மா மனோரஞ்சிதத்துக்கு லட்சம் சேலை காட்டின. லட்சமும் பழைய சோற்று நிறம். மூன்று வருடம் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணே வெளுத்துப்போயிற்று.

"எழிலு, இந்த வாலட்டுல என் விருப்பத்த மாத்தணும்டா," என்றாள் அலுப்போடு.

"சொல்லும்மா, மாத்திடறேன். என்ன நிறம்?"

"ஊர்ல ஒரு கடைக்காரன்கிட்டயும் வாய தொறக்காதுன்னு பெருமையடிச்சியே. இப்ப உன்கிட்ட நான் ஒப்பிக்கணுமாக்கும்?"

"நான் உன் புள்ளைம்மா!"

"அதனாலதான்டா. தொறந்து குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

அவன் ரகசிய எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றான். திரையில் நிறங்கள் வரிசையாக விரிந்தன. மிளகாய்ச் சிவப்பைத் தொடப்போன மனோரஞ்சிதத்தின் விரல், மகனின் முதுகைப் பார்த்தபடியே அந்தரத்தில் நின்றது.