சிவக்காத வில்லை

வயதும் மாரடைப்பும் சேர்ந்து, தணிகைவேலின் படபடப்பை அடக்கி இதயத்துக்குக் காவலாயிருந்த ஏற்பிகளைக் கரைத்துவிட்டன. இனி ஒரு சுடுசொல்கூடத் தாங்காதாம். இதயத் துடிப்பைக் கண்காணிக்க மார்பில் ஒட்டியிருந்த பச்சை வில்லை, துடிப்பு எகிறிச் சிவந்தால் வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். காலமெல்லாம் அவரோடு மல்லுக்கு நின்ற மனைவி சம்பூர்ணம், இப்போது எதற்கும் சிரித்தாள்.

இன்று, அவளுடைய அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடியை அவர் வேண்டுமென்றே போட்டு உடைத்தார்.

"பரவால்லங்க. கால்ல குத்திடப் போவுது," என்று குனிந்து பொறுக்கினாள்.

"ஒரு தடவ திட்டுடி, சம்பூ. யார் வீட்லயோ இருக்கற மாதிரி இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினாள். பார்வை மட்டும் வில்லையை விட்டு நகரவில்லை.

தணிகைவேலும் ஆசையோடு குனிந்து பார்த்தார். வில்லை பச்சையாகவே இருந்தது. அவர் இதயம் அந்தத் திட்டை நம்பவில்லை.